முட்டைக்கோஸ் கொலைகள்

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன்,
எண்ணிக்கையில் அவைதான் அதிகம்.

கொலைகாரன் கையில் கடிகாரம்.
நூறு வருஷத்துக்கு முன் ஏரியில் மூழ்கிச் செத்தவனாம்,
மணி பார்க்கிறான்.
நான்காம் நிமிடத்தில் கழுத்தறுபட்ட பெண்
நாற்பதாம் நிமிடத்தில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்த கும்பலில்
சோளப்பொரி தின்கிறாள்.
ஆள் போதவில்லை.
தொப்பி போட்டால் தெரியாது என்றார் ஓரெஸ்ட்.
தெரிகிறது.
நள்ளிரவு என்று நம்பச் சொல்வது
நீலக் கண்ணாடி மாட்டிய பகல் மூன்று மணி.
ஒவ்வொரு மரத்தடியிலும் கத்தரித்து வைத்த நிழல்;
நிலாவுக்கு ஏது அவ்வளவு வெயில்?
இரண்டு இடத்தில் என் மைக்
மேலிருந்து எட்டிப் பார்க்கிறது,
அடுத்தது யார் என்று கேட்பதுபோல.

வசனத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.
"இங்கே யாரோ இருக்கிறார்கள்" என்று
ஐந்து பேர் சொல்கிறார்கள்,
சொன்ன கையோடு ஐவரும் தனித்தனியே போகிறார்கள்.

மனிடோபா, டாஃபினுக்கு வடக்கே
பிள்ளைகள் காலிசெய்து போன கோடை முகாம்.
அக்டோபர் என்பதால் வாடகை கம்மி.
ஓரெஸ்ட் பெலெக் தரைவிரிப்புக் கடைக்காரர்.
கடையை அடகு வைத்துத்தான் ஃபிலிம் வாங்கினார்.
பிணங்களைச் சுருட்டும் கம்பளங்கள்
விற்காமல் தேங்கிய சரக்கு,
ஒன்றில் விலைச்சீட்டு தொங்குவதைப் பார்க்கலாம்.
முகமூடி வெல்டிங் பட்டறையில் இரவல்.
அதை மாட்டிய வெர்னன் குலிக்
காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுவான்.
கொல்வதற்கு முன் ஒவ்வொருத்தரிடமும்
"வலித்தால் சொல்" என்பான்.

என் வேலை சத்தம்.
கத்தி இறங்கினால் முட்டைக்கோஸ்.
எலும்பு முறிந்தால் செலரித் தண்டு.
பதினோரு கொலைக்கு இரண்டு மூட்டை.
குத்தி முடித்ததை ஓரெஸ்டின் மனைவி இர்கா
அண்டாவில் போட்டு சூப் வைப்பாள்.
செத்தவர்களும் கொன்றவனும் வரிசையில் நின்று
கிண்ணம் நீட்டுவோம்.
சோளப்பாகு ரத்தத்தில் ஒட்டிய விரல்களோடு
ரொட்டியைப் பிய்ப்போம், அது கொஞ்சம் இனிக்கும்.

இனி நிறை.

வெர்னன் நொண்டுவது நடிப்பில்லை.
மூன்றாம் நாள் படகுத்துறையில் வழுக்கிக் கணுக்கால் பிசகியது.
அதுவரை ஓடித் துரத்தியவன்
அதற்குப் பிறகு நடந்துதான் வருகிறான்,
ஒரு காலை இழுத்துக்கொண்டு,
அவசரமே இல்லாமல்.
ஓடுகிறவனிடமிருந்து தப்பிக்கலாம்.

அப்புறம் அந்தப் பதினோரு விநாடி.
துறைக்கு அடியில், கழுத்தளவு நீரில் மார்னி ஸ்டெஃபுரா.
பலகை இடுக்கில் மேலே பூட்ஸ்.
அவள் வாயைப் பொத்துகிறாள்,
விரல்களுக்கு நடுவே மூச்சு ஆவியாகக் கசிகிறது.
அலைச் சத்தம் இல்லை, காலடிச் சத்தம் இல்லை,
படம் முழுக்கக் குடைந்த அந்த மலிவு ஆர்கன்கூட இல்லை.
"எந்தப் பெரிய டைரக்டருக்கும் வராத துணிச்சல்" என்று
வின்னிபெக் பத்திரிகை ஒன்று எழுதியது,
மீதிப் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டியபின்.

துணிச்சலும் இல்லை ஒன்றும் இல்லை.
நான் டேப் மாற்ற மறந்திருந்தேன்.
மறுநாள் ஏரி உறைந்தது.
ஓரெஸ்ட் காதில் ஹெட்ஃபோனை வைத்துக்கொண்டு
வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு,
"ஆர்கனை எடுத்துவிடு" என்றார்.
இத்தனை நாளும் இதை யாரிடமும் சொன்னதில்லை.

பன்னிரண்டாம் விநாடியில் வருகிறதே ஓர் அலறல்,
அது இர்காவுடையது.
கடையின் பின்னறையில், கணக்கு நோட்டைத் திறந்து வைத்து,
ஒரே டேக்.

போன நவம்பரில் வின்னிபெக்கில் நடுநிசிக் காட்சி.
முப்பது பேர் இருக்கும், பாதிப்பேர்
நாங்கள் எடுத்தபோது பிறக்காதவர்கள்.
கடிகாரம் தெரியும்போதெல்லாம் "மணி என்ன?" என்று கத்தினார்கள்.
விலைச்சீட்டுக்குக் கைதட்டல்.
நானும்தான் சிரித்தேன்.
துறைப் பலகை வந்தது.
எவனோ பாப்கார்ன் பையைக் கசக்கிக்கொண்டிருந்தான்,
பாதியில் நிறுத்தினான்.

மார்னி என் பக்கத்து நாற்காலி.
பல் மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டாள்,
அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் நடிக்கவில்லை.
திரையைப் பார்த்தபடியே,
நாற்பது வருஷமாக எழுதி வைத்த புகார்போல,
"தண்ணி அவ்வளவு ஜில்லுன்னு இருந்தது, தெரியுமா" என்றாள்.